அகபாவோ உயர்ந்தது, ஃபிலெயோ தாழ்ந்ததா?

கேள்வி: யோவான் 21-ஆம் அதிகாரத்தில், இயேசு பேதுருவிடம் “என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா” என்று முதல் இரண்டு முறை ‘அகபாவோ’ என்ற வினைச்சொல்லால் கேட்டார் என்றும், அந்தத் தெய்வீக அன்புக்குத் தாம் தகுதியற்றவர் என்று உணர்ந்த பேதுரு ‘ஃபிலெயோ’ என்ற வெறும் நட்பைக் குறிக்கும் சொல்லால் விடையளித்தார் என்றும், மூன்றாம் முறை இயேசுவே இறங்கிவந்து ‘ஃபிலெயோ’ என்றார் என்றும் எங்கள் ஆலயத்தில் பிரசங்கித்தார்கள். கிரேக்க மூலம் இதற்கு இடம் கொடுக்கிறதா?
— வாசகர், நாசரேத்

பதில்: சொற்கள் மாறுகின்றன என்பது உண்மைதான். ‘அகபாஸ் மெ’ என்று இருமுறை கேள்வி வருகிறது. மூன்று முறையும் பேதுருவின் விடை ‘ஃபிலோ ஸெ’ என்றே இருக்கிறது. கடைசிக் கேள்வி ‘ஃபிலெய்ஸ் மெ’ என்று மாறுகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் “அன்பாயிருக்கிறாயா”, “நேசிக்கிறேன்” என்று இதைப் பிரித்தே காட்டுகிறது. ஆனால் ஒன்று தெய்வீகம், மற்றது அதற்குக் குறைவு என்னும் ஏற்றத்தாழ்வு அந்தச் சொற்களில் இல்லை.

அகபாவோ எப்போதும் தூய அன்பையே குறிக்கும் என்பவர்கள் 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தைக் கிரேக்கத்தில் படித்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் எபிரெயத்திலிருந்து ஆக்கப்பட்ட செப்டுவஜின்ட் மொழிபெயர்ப்பில், அம்னோன் தாமாரின்மேல் கொண்டு அவளைக் கெடுத்த அந்த வெறியைச் சொல்வதும் இதே அகபாவோதான்; அது பின்னர் வெறுப்பாக மாறியதைக் கூறும் 15-ஆம் வசனத்தில் ‘அகாபே’ என்ற பெயர்ச்சொல்லே நிற்கிறது. தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பவுலைவிட்டுப் போனதும், மனிதர் ஒளியைப் பார்க்கிலும் இருளை விரும்பியதும், பரிசேயர் ஜெப ஆலயங்களில் முதன்மையான ஆசனங்களை விரும்பியதும் புதிய ஏற்பாட்டில் அகபாவோவே. கடைசியாகச் சொன்ன அதே குற்றச்சாட்டை லூக்கா 11:43 அகபாவோ என்றும் மத்தேயு 23:6 ஃபிலெயோ என்றும் எழுதுவதைக் கவனித்தாலே பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

மறுபுறம், ஃபிலெயோ மட்டமான சொல்லுமன்று. பிதா குமாரனிடத்தில் அன்பாயிருப்பதை யோவான் 3:35-இல் அகபாவோ என்று எழுதுபவரே 5:20-இல் ஃபிலெயோ என்று எழுதுகிறார். இயேசுவுக்கு அன்பான அந்தச் சீஷனைக் குறிக்கும் இடங்களில் நான்கில் அகபாவோவும், 20:2-இல் மட்டும் ஃபிலெயோவும் வருகின்றன. சீஷன் அதே சீஷன்தான். லாசருவைப் பற்றி 11-ஆம் அதிகாரத்தின் 3, 36 வசனங்கள் ஒரு சொல்லையும் 5-ஆம் வசனம் மற்றச் சொல்லையும் பயன்படுத்துகின்றன. இதற்கு மிகப் பழைய முன்மாதிரி ஆதியாகமம் 37-இல் உண்டு: யாக்கோபு யோசேப்பை நேசித்ததாகக் கூறும் 3, 4 ஆகிய அடுத்தடுத்த வசனங்களில் எபிரெய வினைச்சொல் ஒன்றே, செப்டுவஜின்ட் முதலதை அகபாவோ என்றும் அடுத்ததை ஃபிலெயோ என்றும் ஆக்கியது. தகப்பனின் பாசம் ஒரு வசனத்துக்குள் தரம் இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

யோவான் ஒரே பகுதியில் சொற்களை மாற்றி எழுதும் இயல்புடையவர் என்பதற்கு இதே மூன்று வசனங்கள் சான்று. ‘மேய்’ என்பதற்கு இரண்டு வினைகள், மந்தைக்கு ‘ஆட்டுக்குட்டிகள்’, ‘ஆடுகள்’ என இரண்டு பெயர்கள், பேதுருவின் ‘அறிவீர்’ என்பதற்கும் இரண்டு வினைகள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மாற்றத்தில் மட்டும் பிரசங்கத்தைக் கட்டுவது முறையாகாது. மேலும் பேதுரு “ஆம் ஆண்டவரே” என்றுதான் தொடங்குகிறார். கேட்டதைவிடக் குறைவாகத் தருபவர் ‘ஆம்’ என்று சொல்லமாட்டார்.

இங்கே வேறுபாடு உண்டென்று வாதிட்ட அறிஞர்களும் இருந்திருக்கிறார்கள். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் வெஸ்ட்காட் அகபாவோவே உயர்ந்தது என்றார். அவர் காலத்து டிரெஞ்ச், இந்த இடத்தில் அகபாவோ குளிர்ந்துபோன சொல், பேதுருவின் நெஞ்சின் வெப்பத்துக்கு ஃபிலெயோதான் பொருந்தியது என்றார். ஒரே வேறுபாட்டை நம்பியவர்கள் நேரெதிரான முடிவுகளுக்கு வந்தது, அந்த வேறுபாடு எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டிவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்புகளும் ஒன்றுபடவில்லை: லத்தீன் வுல்காத்தா இரண்டு வினைகளை வைத்துக்கொண்டது, சீரிய பெஷித்தாவோ ஆறு இடங்களுக்கும் ஒரே வினையை இட்டு நிறுத்தியது.

பேதுரு துக்கப்பட்டதற்கான காரணத்தைச் சுவிசேஷகர் நம் ஊகத்துக்கு விடவில்லை: இயேசு “மூன்றாந்தரம்” கேட்டதால்தான். பேதுரு அவரை மறுதலித்ததும் மூன்று தரம். பிரதான ஆசாரியனின் அரண்மனை முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்த கரிநெருப்பைக் குறிக்கும் ‘அந்த்ராகியா’ என்ற சொல், புதிய ஏற்பாட்டில் அங்கும், திபேரியாக் கடற்கரையில் மீன் வைத்திருந்த இந்த நெருப்பிலும் மட்டுமே வருகிறது. பிரசங்கிக்க விரும்புகிறவர்களுக்கு இதில் வேண்டிய அளவு பொருள் இருக்கிறது.

கேள்வி: யூதாஸ் முத்தமிட்டதற்கும் ஃபிலெயோ என்ற சொல்தானா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: ஆம். ‘முத்தமிடு’ என்பது அந்த வினைக்கு நெடுங்காலமாக உள்ள பொருள். ‘கூனேயோ’ என்ற பழைய வினை வழக்கிழந்ததும் முத்தத்தைக் குறிக்கும் பொறுப்பு முழுவதும் ஃபிலெயோவின்மேல் விழுந்தது. ‘நேசி’ என்ற பொருளுக்கு அகபாவோ பரவலானதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது மொழியியலாளர் சிலரின் விளக்கம். மத்தேயு 26:48-இல் “நான் எவனை முத்தஞ்செய்வேனோ” என்று யூதாஸ் அடையாளம் கொடுக்கும்போது வருவது ஃபிலெயோ. அடுத்த வசனத்தில் அவன் அதைச் செய்யும்போது வருவது ‘கட்டாஃபிலெயோ’ என்ற அழுத்தமான கூட்டுவினை. கெட்ட குமாரன் திரும்பிவந்தபோது தகப்பன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தஞ்செய்ததற்கு லூக்கா 15:20 பயன்படுத்துவதும் அதே வினைதான்.