கை நடுங்குது, ஊசி பிடிக்குதில்லை

வாசகர் கேள்வி – பதில்: பல் வைத்தியம்

இந்த முறை, கிளினிக் பயிற்சி தொடங்கியிருக்கும் பல் வைத்திய மாணவர்களும் அவர்களின் வீட்டாரும் எழுதிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். பலர் கேட்பது ஒன்றுதான்: "எனக்குக் கை வராதோ?" கிளினிக்கில் பிழையாகும் வேலைகளில் அநேகமானவற்றுக்குத் தேடினால் பிடிபடக்கூடிய காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க முன்னம் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் பல் பூட்டிய பயிற்சிப் பொம்மைத் தலையில் வேலை செய்தபோது எனக்கு நல்ல புள்ளிகள். இப்போது நோயாளியின் வாயில் ஏரோட்டரை (பல் குடையும் வேகக் கருவி) வைத்தாலே கை நடுங்குது. பொறுப்பு வைத்தியர் பக்கத்தில் வந்து நின்றால் இன்னும் கூடுது. ஒரு சின்ன அடைப்புக்கு இரண்டு மணித்தியாலம் போகுது.
– மாணவி, மாங்குளம்

பதில்: தங்கை, முதலில் உங்கள் மோதிர விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது வேலை செய்யும் பல்லுக்குக் கிட்ட, அதே தாடையில், ஒரு பல்லின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். உதட்டிலோ சொக்கையிலோ ஊன்றினால் அது அசையும், கையும் சேர்ந்து அசையும். ஊன்றும் பல் துப்பலில் நனைந்திருந்தால் விரல் வழுக்கும். முதலில் ஒரு துண்டுக் கோஸால் அதைத் துடைத்துவிடுங்கள். அடுத்தது பிடி. பயத்தில் இறுக்கிப் பிடித்த கை பத்து நிமிடத்தில் களைத்துத் தானாக நடுங்கத் தொடங்கும். பேனை பிடிக்கிற அளவு பிடி போதும்.

கதிரையின் உயரமும் அதே அளவு முக்கியம். நோயாளியின் வாய் உங்கள் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். நோயாளியின் முகத்தை மணிக்கூடாகவும் உச்சந்தலையை 12 மணியாகவும் நினைத்தால், வலக்கைக்காரர் 9 மணிக்கும் 12 மணிக்கும் இடைப்பட்ட இடத்தில் இருந்து வேலை செய்வார். நோயாளியின் தலையைத் திருப்பச் சொல்லாமல் தங்கள் முதுகை வளைக்கும் மாணவர்களே அதிகம். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ அம்மா" என்று கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. மேல் தாடைக்கு வாய்க்குள் வைக்கும் சிறு கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும், குனிந்து நேரே பார்க்க முயலாதீர்கள். கண்ணாடி புகாரடித்தால் சொக்கையின் உட்பக்கத்தில் ஒரு தரம் தேய்த்துச் சூடாக்குங்கள். தண்ணீர் தெறித்து மறைத்தால் கண்ணாடியைப் பரிலிருந்து (ஏரோட்டரின் சுழலும் வெட்டுமுனை) சற்றுத் தள்ளிப் பிடியுங்கள்.

ஏரோட்டர் முழு வேகத்துக்கு வந்த பிறகுதான் பரைப் பல்லில் தொட வேண்டும். தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். அழுத்தினால் வேகம் விழும், பல் சூடேறும், பர் துள்ளும். அந்தத் துள்ளலைத்தான் பலர் கைநடுக்கம் என்று நினைக்கிறார்கள்.

பொம்மைத் தலையில் நாக்கு தள்ளுவதில்லை, துப்பல் ஊறுவதில்லை. உயிருள்ள வாயில் பஞ்சுச் சுருளை எங்கே வைப்பது என்பதே பாதி வேலை. மேல் இரண்டாவது கொடுப்புப் பல்லுக்கு எதிரே சொக்கையில் துப்பல் குழாய் திறக்கிறது. அங்கே ஒன்று, கீழ்ப் பல்லில் வேலை என்றால் நாக்கின் கீழ் இன்னொன்று. எடுக்கும்போது காய்ந்திருந்தால் முதலில் நனையுங்கள். காய்ந்த பஞ்சை இழுத்தால் உள்தோலும் உரிந்து வரும், அடுத்த நாள் நோயாளி புண்ணோடு வருவார்.

சூத்தையை எடுக்கும்போது பிளாஸ்டிக் பல்லில் பழகியதுபோல ஒரே ஆழத்தைத் தேடாதீர்கள். முதலில் சுற்றுவட்டத்தில் இனாமலும் (பல்லின் வெளிப்படை) டென்டினும் (அதன் உட்படை) சேரும் கோட்டை முழுதாகச் சுத்தமாக்குங்கள், நரம்புக்கு மேலுள்ள பகுதியைக் கடைசியாகத் தொடுங்கள். அங்கே நிறத்தைத் துரத்த வேண்டாம். கறுப்பாக இருந்தாலும் கரண்டிக் கருவிக்கு உறுதியாகப் பட்டால் நிறுத்தலாம். இரண்டு பல்லுக்கு இடையில் வெட்டும்போது பக்கத்துப் பல்லைப் பர் கீறிவிடுவது முதல் மாதங்களில் அடிக்கடி நடக்கும். நடுவில் ஓர் உலோகப் பட்டியைச் செருகிவிட்டால் அந்தக் கவலை தீரும். கொம்பசிற்றை (பல் நிற அடைப்புப் பொருள்) 2 மில்லிமீற்றருக்கு மிஞ்சாத அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒளி கொடுங்கள். அடைப்பு ஒட்டுவதற்காகப் பல்லில் அமிலம் பூசிக் கழுவிய பின் ஒரு துளி துப்பல் பட்டாலும் அந்த இடத்துக்குத் திரும்ப அமிலம் பூச வேண்டும். பார்க்க நல்லாயிருக்குத்தானே என்று விட்டால் அந்த அடைப்பு கழன்று வரும்.

நேரம் அதிகம் போவது வெட்டுவதில் அல்ல, எழுந்து எழுந்து சாமான் தேடுவதில். நோயாளி கதிரையில் இருக்க முன்னம் தட்டு முழுதாக இருக்கட்டும். பொறுப்பு வைத்தியர் வரும்போது எக்ஸ்றேயைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பல், என்ன கண்டீர்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரே வசனத்தில் சொல்லுங்கள். கேள்விகள் குறையும், நடுக்கமும் குறையும். வெறும் வயிற்றில் சாயம் கூடிய தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுக் கிளினிக்குக்குப் போகாதீர்கள்.

கேள்வி: கீழ்க்கொடுப்புப் பல்லுக்குப் போடுகிற விறைப்பூசி எனக்கு மூன்றில் ஒன்று பிடிக்குதில்லை. திரும்பப் போட நோயாளியிடம் கேட்கவே கூச்சமாக இருக்குது.
– மாணவன், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, அனுபவமுள்ளவர்களுக்கும் சில நேரம் பிடிக்காத ஊசி இது. எங்கே தவறியது என்பதை ஊசிமுனையே சொல்லும், அதைக் கேட்கப் பழகுங்கள்.

பெருவிரலைத் தாடையின் ஏறுபகுதி முன்விளிம்பில், ஆழமாகக் குழிந்த இடத்தில் வையுங்கள். வாயை அகலத் திறந்தால் பின்னால் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு இறங்குவது தெரியும். விரலுக்கும் அந்த மடிப்புக்கும் இடையில், கீழ்ப் பற்களின் கடிமட்டத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் மேலே குத்த வேண்டும். சிரிஞ்சின் உடல் எதிர்ப்பக்க முன்கொடுப்புப் பற்களின் மேல் இருக்கட்டும். 20 முதல் 25 மில்லிமீற்றர் ஆழத்தில் எலும்பு தட்டும். தட்டியதும் 1 மில்லிமீற்றர் பின்னுக்கு எடுத்து, இழுத்துப் பார்த்து, இரத்தம் வராவிட்டால் மெதுவாக, குறைந்தது ஒரு நிமிடம் எடுத்துச் செலுத்துங்கள்.

பாதி ஊசி போக முன்னமே எலும்பு தட்டினால் முனை முன்னுக்கு நிற்கிறது. சற்று வெளியே எடுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்க வேட்டைப் பல் பக்கம் கொண்டுவந்து உள்ளே செலுத்தி, பிறகு பழைய கோணத்துக்குத் திரும்புங்கள். எலும்பே தட்டாவிட்டால் முனை பின்னுக்குப் போய்விட்டது. சற்று வெளியே எடுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்கக் கொடுப்புப் பற்கள் பக்கம் நகர்த்துங்கள். எலும்பு தட்டாமல் மருந்தைச் செலுத்தவே கூடாது. காதடிச் சுரப்பிக்குள் மருந்து போனால் அந்தப் பக்க முகம் சோர்ந்து கண் மூட முடியாமல் போகும். சில மணித்தியாலத்தில் அது சரியாகிவிடும். அதுவரை கண்ணை மூடிப் பஞ்சு வைத்துக் கட்டி, நோயாளிக்கு விளக்கம் சொல்லி, மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

நாக்கு மட்டும் விறைத்து உதடு விறைக்காவிட்டால் பெரும்பாலும் குத்திய இடம் தாழ்ந்துவிட்டது, அடுத்ததைச் சற்று உயரப் போடுங்கள். சிறுபிள்ளைகளுக்கு நரம்பு நுழையும் துவாரம் தாழ்வாக இருப்பதால் கடிமட்டத்திலேயே குத்த வேண்டும். உதடு நன்றாகத் தடித்தும் பல் நோகிறதென்றால் பெரும்பாலும் பல்லின் நரம்பு அழன்றிருக்கிறது. அழன்ற நரம்பு எளிதில் விறைக்காது. கொடுப்புப் பல் பிடுங்குவதென்றால் சொக்கைப் பக்க முரசுக்குத் தனி ஊசி வேண்டும், இதை மறந்துவிட்டு "பிடிக்கவில்லை" என்பவர்கள் உண்டு.

ஐந்து நிமிடமாவது பொறுத்திருந்து, உதடு விறைத்ததா என்று கேட்டு, முரசைக் குத்திப் பார்த்த பிறகே தொடங்குங்கள். இரண்டாம் ஊசி போட நேர்ந்தால் அளவைக் கணக்குப் பாருங்கள். விறைப்பு மருந்தான 2 வீத லிடோகெயின் 2.2 மில்லிலீற்றர் குழாயொன்றில் 44 மில்லிகிராம் இருக்கிறது. கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கவனமான கணக்கில் 50 கிலோ எடையுள்ளவருக்கு ஐந்து குழாயே எல்லை. மெலிந்த முதியவருக்கு இன்னும் குறையும்.

ஊசிக்கு முன் "சாப்பிட்டீங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். தூர இடத்திலிருந்து விடியப் புறப்பட்டு வருபவர்கள் வெறும் வயிற்றோடுதான் வருவார்கள். முகம் வெளிறி வியர்த்தால் கதிரையை உடனே படுக்கைநிலைக்குத் தாழ்த்திக் காலை உயர்த்துங்கள். இருந்தபடி தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பேராதனைக்குப் பல் வைத்தியம் படிக்கப் போகப் போகிறேன். சிங்களம் தெரியாது. நோயாளிகளோடு எப்படிக் கதைப்பது?
– ஒட்டுசுட்டான்

பதில்: கதிரைக்குத் தேவையான சிங்களம் இருபது வசனத்துக்குள் அடங்கும். "கட அரின்ன" என்றால் வாயைத் திறவுங்கள். "ரிதெனவாத?" என்றால் நோகுதா. "ரிதெனவா நம் அத உஸ்ஸன்ன" என்றால் நோகுதென்றால் கையை உயர்த்துங்கள். "ஹிரி வெட்டிலாத?" என்றால் விறைத்துவிட்டதா. "பய வென்ன எபா" என்றால் பயப்படாதீர்கள். இவற்றை முதல் வாரத்திலேயே பாடமாக்குங்கள். ஆனால் பழைய வருத்தங்கள், குடிக்கும் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றை அரைகுறைச் சிங்களத்தில் கேட்காதீர்கள். மொழி தெரிந்த சகமாணவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தை ஐதாக்கும் மருந்தொன்று விடுபட்டால் பிடுங்கிய பிறகு இரத்தம் நிற்காது. கண்டிப் பக்கம் தமிழ் பேசுபவர்களும் வருவார்கள். நீங்கள் "பல்லுக்கொதி" என்பதைத் தோட்டத்திலிருந்து வரும் அம்மா "பல்லுவலி" என்பார், அவருடைய சொல்லிலேயே கேளுங்கள்.

கேள்வி: மகள் இரவில் போன் எடுத்து அழுகிறாள். ஒரு நாள் "எல்லாம் சரியம்மா" என்கிறாள், அடுத்த நாள் "விட்டுட்டு வாறன்" என்கிறாள். குறிப்பிட்ட எண்ணிக்கையான வேலைகளை முடிக்க வேணுமாம், நோயாளிகள் வருகினமில்லையாம்.
– தாய், கிளிநொச்சி

பதில்: அம்மா, அவளை அழவைப்பது அந்த எண்ணிக்கைதான், அதற்கு வழி இருக்கிறது. நீண்ட வேலைகளை முதலில் தொடங்கச் சொல்லுங்கள். முழுப் பற்தொகுதி ஒன்றுக்கு முதல் அச்சு, இரண்டாம் அச்சு, கடி அளவு, மெழுகில் போட்டுப் பார்த்தல், கொடுத்தல் என்று ஐந்து வரவு வேண்டும், பிறகு நோகிற இடம் தேய்க்க இன்னும் ஒன்றிரண்டு. இதைத் தவணைக் கடைசிக்கு வைத்தால் ஒரு முதியவர் ஒருநாள் வராமல் விட்டாலே எல்லாம் பிந்தும். ஒவ்வொரு நோயாளிக்கும் முதல்நாள் பின்னேரம் போன் எடுக்க வேண்டும், ஒருவர் வராவிட்டால் கூப்பிட இன்னொருவரின் பெயர் கொப்பியில் இருக்க வேண்டும்.

நீங்கள் "எத்தனை முடிஞ்சுது?" என்று கேட்காதீர்கள். "இண்டைக்கு ஆரைப் பார்த்தாய்?" என்று கேளுங்கள். ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருப்பது முதல் ஆறேழு மாதங்களில் வழமை. ஆனால் தொடர்ந்து இரண்டு வாரம் நித்திரையும் சாப்பாடும் இல்லையென்றாலோ, உயிரோடு இருந்து என்ன என்று ஒரு சொல் வந்தாலோ பொறுத்திருக்க வேண்டாம். பல்கலைக்கழக மாணவர் ஆலோசகரிடமும் வைத்தியரிடமும் உடனே காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

கேள்வி: மகன் பெருக்கிக் காட்டும் கண்ணாடி கேட்கிறான். விலை கூட. பழையது ஒன்று வாங்கலாமா?
– தந்தை, பரந்தன்

பதில்: பழையது வேண்டாம் ஐயா. வேலைத்தூரமும் இரண்டு கண்மணிக்கு இடைப்பட்ட தூரமும் ஆளுக்கு ஆள் வேறு. பொருந்தாததைப் போட்டால் கழுத்து வளைந்துவிடும். முதலில் சரியாக இருந்து வேலை செய்யப் பழகட்டும், பிறகு அந்த இருப்பிலேயே அளவெடுத்து 2.5 மடங்கில் வாங்கலாம். ஒரு வருடம் பிந்தினாலும் குறைவில்லை.

கேள்வி: வேலை செய்த ஊசி விரலில் குத்திவிட்டது. ஏச்சு விழும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.
– பெயர் வேண்டாம், வவுனியா

பதில்: இதை வாசித்ததும் எழுந்து போய்ச் சொல்லுங்கள். குத்தினால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. நோயாளி போவதற்கு முன் அறிவித்தால் அவருடைய சம்மதத்தோடு இரத்தம் சோதிக்கலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தால் முதல் சில மணித்தியாலத்திலேயே தொடங்க வேண்டும். அந்த நேரம் தாண்டியிருந்தாலும் சொல்லுங்கள், இரத்தச் சோதனைகளும் கண்காணிப்பும் அப்போதும் தேவை. ஹெபடைற்றிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று. கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதத்தின் பின் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று சோதிக்க வேண்டும். இனி இரண்டு கையால் ஊசியை மூடாதீர்கள். மூடியைத் தட்டில் வைத்து, ஒரு கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுங்கள்.

கேள்வி: விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் சொந்தக்காரர் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு வருகினம். பல்லுக் கறையை எடுத்துவிடு, ஆடுற பல்லைக் கழட்டிவிடு என்கினம். மறுத்தால் கோபம்.
– மாணவி, நெடுங்கேணி

பதில்: இலங்கை மருத்துவ சபையில் பதியும்வரை வீட்டில் யாருக்கும் கருவி வைக்கக் கூடாது. மாமாவுக்கும் கூடாது. ஆனால் பார்க்கலாம், சொல்லலாம். இரண்டு பக்கப் பல்லிலும் ஒரேமாதிரி வெள்ளைக் கோடோ கபிலக் கறையோ இருந்தால் அது ஊத்தை இல்லை. பெரும்பாலும் பல் உருவாகும் சிறுவயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரின் புளோரைட்டு. கரியாலும் செங்கல் தூளாலும் தேய்த்தால் இனாமல்தான் போகும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் புளோரைட்டு போகாது. நீர் ஆவியாக அது இன்னும் செறியும். கைக்குழந்தை உள்ள வீட்டில் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ குடிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வெற்றிலை போடும் ஆச்சியையும் அப்புவையும் கட்டாயம் பாருங்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும், புகையிலை சேராவிட்டாலும்தான். வாசலில் வெளிச்சத்துக்கு இருத்தி, வெற்றிலை ஒதுக்கும் சொக்கைப் பக்கம், நாக்கின் இரு கரை, நாக்கின் கீழ் என்ற ஒழுங்கில் பாருங்கள். துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படை, மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண், கறி பட்டால் எரிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், தன்னுடைய மூன்று விரலை நிலைக்குத்தாக வாய்க்குள் வைக்க முடியாமல் போனாலும், நீங்களே கூட்டிக்கொண்டு மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போங்கள். "நோகேல்லை, பிறகு பாப்பம்" என்பார்கள். தொடக்கத்தில் வாய்ப்புற்றுநோய் பெரும்பாலும் நோவதில்லை என்று அப்போதே சொல்லுங்கள்.