வார்ப்பிரும்புக் கட்டையைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: எங்கள் சிமென்ட் ஆலையின் தனி ரயில்பாதையில், சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் இறக்கி வரும் பழைய வேகன்கள் ஓடுகின்றன. வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சீக்கிரம் தேய்ந்துவிடுகின்றன. அதே அளவில் காம்போசிட் கட்டை கிடைக்கிறது, பல மடங்கு உழைக்கும், எடையும் குறைவு என்கிறார் விற்பனையாளர். அப்படியே மாட்டிவிடலாமா? (ஆலைப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்)

அவசரப்பட்டு மாட்டாதீர்கள். விற்பனையாளர் சொன்ன இரண்டும் உண்மைதான். ஆனால் அது எந்த ரகக் கட்டை என்பதை அவர் சொல்லவில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

வார்ப்பிரும்புக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. வேகம் குறையக் குறைய அதன் உராய்வு கூடும். 1878-இல் இங்கிலாந்தில் டக்ளஸ் கால்டனும் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுசும் ஓடும் ரயிலில் சோதித்து இதைக் காட்டினார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் உராய்வு எண் 0.1-ஐ ஒட்டி இருந்தால், நிற்கும் தறுவாயில் 0.25-ஐத் தொட்டுவிடும். பழைய வண்டிகள் கடைசி நொடியில் வெடுக்கென்று நிற்பது இதனால்தான்.

பினாலிக் பிசின், ரப்பர், நார், உலோகத் தூள், கிராஃபைட் ஆகியவற்றைச் சேர்த்து, அழுத்திச் சூடேற்றிச் செய்யும் காம்போசிட் கட்டையில் உராய்வு வேகத்தோடு அவ்வளவாக மாறாது. ‘கே’ ரகத்தில் அது 0.25 அருகே இருக்கும், ‘எல்’ ரகத்தில் அதைவிடக் குறைவு. வார்ப்பிரும்புக்கென்று அமைத்த நெம்புகோல் விசையில் ‘கே’ கட்டையை மாட்டினால், வேகமாக ஓடும் காலி வேகனின் சக்கரம் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் இழுபடும். தண்டவாளத்தில் உருளும் ஓடுபரப்பு ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்துவிடும். அப்படியானால் ‘எல்’ போதுமே என்று தோன்றும். உங்கள் பாதையில் அதிலும் சிக்கல் இருக்கிறது. ஆலைக்குள் மணிக்கு 20, 30 கி.மீ. வேகத்தில் வார்ப்பிரும்பு ஏற்கெனவே நன்றாகப் பிடிக்கும் நிலையில் இருக்கிறது. அங்கே ‘எல்’ கட்டை அதைவிட மெதுவாகப் பிடித்து, நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடக்கூடும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வெப்பம். 80 டன் வேகன் மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, ஏறத்தாழ 2.8 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். எட்டுச் சக்கரங்களுக்குப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. அது பெரிதில்லை. ஆனால் அதே வேகன் பிரேக் பிடித்தபடி சரிவில் 10 மீட்டர் உயரம் இறங்கினாலே 7.8 மெகாஜூல் வெளிவருகிறது. வார்ப்பிரும்புக் கட்டை இதில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். காம்போசிட் கட்டை வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, ஆகவே ஏறக்குறைய முழுச் சுமையும் சக்கரத்தின் தலையில் விழுகிறது.

2023 ஆகஸ்ட் 10 அன்று சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் அடிமட்ட ரயில் சுரங்கப்பாதையில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. உடைந்த சக்கரம்தான் காரணம். சுரங்கப்பாதை முழுமையாகத் திறக்க 2024 செப்டம்பர் 2 வரை ஆனது. இரைச்சலைக் குறைப்பதற்காக ஐரோப்பா காம்போசிட் கட்டைகளுக்கு மாறியிருந்த காலம் அது. அந்தக் கட்டைகளால் சக்கரத்தில் ஏறும் வெப்பச் சுமை இந்த விபத்துக்குப் பின் தீவிரமாக ஆராயப்பட்டது.

எனவே உங்கள் சக்கரங்களைக் குனிந்து பாருங்கள். ஒரே வார்ப்பாக இருக்கிறதா, அல்லது மையத்தின் மேல் சூடேற்றிப் பொருத்திய எஃகு வளையமா? வளையச் சக்கரமாக இருந்தால் காம்போசிட் வேண்டவே வேண்டாம். வளையம் சூடேறி விரிந்தால் மையத்திலிருந்து தளர்ந்துவிடும். வளையத்தையும் மையத்தையும் சேர்த்துக் குறுக்கே வெள்ளைக் கோடு தீட்டியிருப்பார்கள். அந்தக் கோடு உடைந்து இரண்டு பாதியும் விலகி நின்றால், வளையம் ஏற்கெனவே நழுவிவிட்டது. அந்த வேகனை அன்றே ஒதுக்கி வையுங்கள்.

மழையையும் மறக்க வேண்டாம். வார்ப்பிரும்பு ஓடுபரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாகவே வைத்திருக்கும், அதனால் ஈரத்திலும் பிடிக்கும். காம்போசிட் தேய்த்து வழவழப்பாக்கிய பரப்பில் நீர்ப்படலம் தங்கினால், முதல் சில நொடிகள் பிரேக் பிடித்த மாதிரியே இருக்காது. கட்டையைக் கழற்றும்போது அதன் முகத்தையும் பாருங்கள். பளபளக்கும் உலோகத் துணுக்குகள் பதிந்திருந்தால், அவை சக்கரத்தில் வரி வரியாகப் பள்ளம் கீறிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

ஒரே வார்ப்புச் சக்கரமாக இருந்து மாற்றத்தான் வேண்டும் என்றால், கட்டையோடு நெம்புகோல் விகிதத்தையோ பிரேக் சிலிண்டரையோ சேர்த்து மாற்றுங்கள். ஒரே வேகனில் இரண்டு ரகங்களைக் கலக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்குங்கள். பழைய தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பலரும் தவறவிடுவது கைபிரேக்கை. விசையைக் குறைத்து ‘கே’ கட்டை போட்டால், நின்ற வேகனைப் பிடித்து வைக்கும் சக்தியும் குறையும், ஏனென்றால் நின்ற நிலையில் வார்ப்பிரும்பு தந்த கூடுதல் உராய்வு இனி இல்லை. ஒரே ஒரு வேகனை மாற்றி, புதுக்கட்டை சக்கரத்தின் வளைவுக்குப் படியும் வரை ஓடவிடுங்கள். பிறகு முழுச் சுமையோடும் காலியாகவும், காய்ந்த தண்டவாளத்திலும் நனைத்த தண்டவாளத்திலும் நிற்கும் தூரத்தை அளந்து, பழைய வேகனோடு ஒப்பிடுங்கள். கடைசியாக உங்கள் பாதையின் மிகச் செங்குத்தான சரிவில், சக்கரத்துக்குச் சிறு இடைவெளி விட்டு அடைப்புக்கட்டை வைத்து, கைபிரேக்கை மட்டும் முறுக்கி ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் சக்கரம் அடைப்புக்கட்டையில் முட்டி நின்றால், மற்ற வேகன்களில் கை வைக்காதீர்கள்.