வளையம் இருக்கு, கோள் எங்கே?

அன்புள்ள ஐயா,

கோள்கள் பிறப்பதைப் பற்றிய உங்கள் கட்டுரையில் இருந்த ஹெச்.எல். டாவ் என்ற விண்மீனின் படத்தை ஒன்பதாம் வகுப்பில் காட்டினேன். "மிஸ், வளையம் இருக்கு, கோள் எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வளையங்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலே அங்கே கோள் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா?

ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சொல்ல முடியாது. உங்கள் மாணவி கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. "கோள்கள் உருவாகும் காட்சி" என்று படத்தின் கீழே நான் எழுதியது தவறு. திருத்திவிட்டேன்.

அந்தப் படம் 2014-இல் சிலி நாட்டின் அல்மா தொலைநோக்கி எடுத்தது. சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில், ஒரு இளம் விண்மீனைத் தட்டையான வட்டு போலச் சுற்றிய வாயுவும் தூசியும். படத்தில் நாம் பார்ப்பது மில்லிமீட்டர் அளவுத் தூசி வெளியிடும் அலைகளை. வளரும் கோள் தன் பாதையில் உள்ள வாயுவை விலக்கும், தூசி அந்தப் பாதைக்கு வெளியே குவிந்து வளையமாகும். ஆனால் விண்மீனிலிருந்து குறிப்பிட்ட தூரத்தில் வாயுக்கள் உறைந்து பனியாகும்போதும் இப்படி வளையங்கள் உண்டாகலாம். ஹெச்.எல். டாவில் இன்றுவரை கோள் எதுவும் உறுதியாகவில்லை.

இடைவெளிக்குள் ஒளிப்புள்ளி தெரிந்தாலும் அவசரப்படக் கூடாது. எல்கேசிஏ 15 என்ற விண்மீனருகே கோள்கள் வளர்வதாக 2015-இல் அறிவித்தார்கள். 2019-இல் இன்னும் கூர்மையாகப் பார்த்தபோது, அந்த ஒளியில் பெரும்பகுதி வட்டின் உட்பகுதியில் பட்டுச் சிதறிய விண்மீன் வெளிச்சம் என்று தெரிந்தது.

அப்புறம் எப்படித்தான் நம்புவது? பி.டி.எஸ். 70 என்ற விண்மீனைப் பாருங்கள். சுமார் 370 ஒளியாண்டு தூரம், வயது ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டு. வெயிலில் தூரத்தில் வருகிறவரைப் பார்க்க நெற்றியில் கையை வைத்துக்கொள்வோம் அல்லவா? அதே போல விண்மீனின் வெளிச்சத்தைக் கருவிக்குள்ளேயே மறைத்துவிட்டு, 2018-இல் வட்டின் பெரிய இடைவெளிக்குள் ஒரு புள்ளியைப் பிடித்தார்கள். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கருவிகள் எடுத்த படங்களிலும் அது இருந்தது, சுற்றுப்பாதையில் நகர்ந்தும் இருந்தது. ஹைட்ரஜன் வாயு கோளின் மேல் விழுந்து சூடாகும்போது வரும் சிவப்பு ஒளி, 656 நானோமீட்டர் அலைநீளத்தில், அங்கிருந்து வந்தது. 2019-இல் அதே ஒளியைத் தேடியபோது இரண்டாவது கோளும் அகப்பட்டது. இப்படிப் பல சாட்சிகள் ஒன்றையே சொன்னதால்தான் நான் நம்புகிறேன்.

எனக்கு நெஞ்சு நிறைந்தது 2021-இல். அந்த இரண்டாவது கோளைச் சுற்றியே ஒரு குட்டித் தூசி வட்டு இருப்பதை அல்மா காட்டியது. அதன் விட்டம் ஏறத்தாழ பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். நம் நிலா போல மூன்று நிலாக்களைச் செய்யும் அளவுக்கு அதில் பொருள் இருக்கலாம்.

பல வளையங்கள் உள்ள வட்டின் இடைவெளியில் நேரடியாகவே கோளைப் பார்த்தது 2025-இல்தான். அந்தக் கோளின் பெயர் விஸ்பிட் 2பி, வியாழனைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு நிறை.

அடுத்த வகுப்பில் பி.டி.எஸ். 70-இன் அல்மா படத்தைக் காட்டுங்கள். பெரிய வளையத்தின் வலது பக்கம், உள்விளிம்பை ஒட்டி ஒரு சிறு ஒளிப்புள்ளி இருக்கும், அதுதான் இரண்டாவது கோளின் குட்டித் தூசி வட்டு. அந்த மாணவியையே கூப்பிட்டு அதில் விரலை வைக்கச் சொல்லுங்கள்.