ஆளுக்கு எறியாதே, தம்பி!

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: சேர், நாங்கள் ஐந்து பேர். சின்ன வயதிலிருந்து எல்லே ஆடினவர்கள். எங்களோடு படித்த ஒருவன் இப்போது பல்கலைக்கழக அணிக்குப் பேஸ்போல் விளையாடுகிறான். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோமாகமப் பக்கம் தியகம மைதானத்தில் மெச், கட்டாயம் வா என்கிறான். வான் பிடித்து சனி இரவு வெளிக்கிட்டு, மெச் பார்த்துவிட்டு ஞாயிறு இரவே திரும்பலாம் என்று யோசிக்கிறோம். எந்தப் பாதை நல்லது? விதி ஒன்றும் தெரியாமல் போய்க் குந்தினால் அலுப்படிக்குமா?
*ஐந்து நண்பர்கள், களுவாஞ்சிக்குடி*

பதில்: முதலில் ஒரு வேடிக்கை. உங்கள் ஊர்ச் சந்தியால் போகிற ஏ4 வீதி இருக்கிறதே, கல்முனைக்கு பஸ் ஏறுகிற அதே வீதி, அதுதான் ஹோமாகமவையும் ஊடறுத்துக்கொண்டு கொழும்புக்குப் போகிறது. அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என்று நாட்டின் அரைவாசியைச் சுற்றிவிட்டு அங்கே போய்ச் சேரும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு வரை ஏறக்குறைய 430 கிலோமீட்டர். ஒரு திருப்பமும் திரும்பாமல் வீட்டு வாசலிலிருந்து மைதானத்துப் பக்கம் வரை போகலாம். ஆனால் போகாதீர்கள். மலைப் பாதை, நேரம் தின்னும். ஒரு கிழமை லீவு கிடைத்தால் அந்த வீதியால் போங்கள், இரண்டு நாளுக்கு அது சரிவராது.

நாங்கள் நாலு பேர் போனது பொலன்னறுவைப் பாதை. வாழைச்சேனை, ஓட்டமாவடி, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். குருநாகலில் அதிவேக வீதியில் ஏறி மீரிகமவில் இறங்கி, கண்டி வீதியால் கடவத்தை வந்து, அங்கே வெளிச்சுற்று அதிவேக வீதியில் ஏறினால் கொட்டாவையில் இறங்கலாம். கொழும்பு நகரத்துக்குள் தலையே நீட்டத் தேவையில்லை. கொட்டாவையில் மறுபடி உங்கள் ஏ4 வீதி வந்து நிற்கும். உங்களுக்கு எப்படியும் எட்டு மணித்தியாலம் வையுங்கள், தேத்தண்ணிக்கு நிற்கிற நேரம் வேறு.

சனி இரவு வெளிக்கிடுகிற யோசனையை மட்டும் விடுங்கள். வெலிக்கந்தைப் பக்கமும் மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் இடையிலும் இரவில் யானை வீதிக்கு வரும். வான் லைற்றில் யானை தெரியும்போது அது ஏற்கெனவே கிட்ட நிற்கும். அதன் நிறமும் இருட்டும் ஒன்றுதான். நாங்கள் போன அன்று ஒன்று வீதியோரம் ஈச்சம்பற்றைக்குள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வான்காரர் லைற்றைத் தணித்து, ஹோன் அடிக்காமல், கால் மணித்தியாலம் அப்படியே வைத்திருந்தார். அந்தக் கால் மணித்தியாலம் நாலு பேரும் ஒரு சொல் பேசவில்லை. எங்கள் கணக்கு வாத்தியார் கடைவாய்க்குள் வைத்த வெற்றிலையை மெல்லக்கூட இல்லை. ஆகவே சனி விடிய வெளிக்கிட்டு மத்தியானம் போய்ச் சேருங்கள், இரவு ஒழுங்காக நித்திரை கொள்ளுங்கள். ஞாயிறு மெச் முடிந்து வருகிறபோது ஹபரணையில் தங்கிவிட்டு, விடிந்த பிறகு அந்தப் பக்கத்தைக் கடவுங்கள். திங்கள் அரை நாள் லீவு போடத்தான் வேண்டும். முழு நாள் வெயிலில் மெச் பார்த்தவன் இரவு முழுக்க வான் ஓட்டக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. கொட்டாவையில் இருக்கிற சொந்தக்காரருக்குக் கொடுக்கலாம் என்று எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு வாங்கி வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஹபரணைக்கு இங்கால் ஒரு பள்ளத்தில் வான் விழுந்து எழும்பியபோது ஒரு சட்டி பிளந்து, பின் சீற்றுக்குக் கீழே ஓடிவிட்டது. தம்புள்ளை வெயிலில் அது என்ன மணம் மணக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வான்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் மூக்கைத்தான் முதலில் சுருக்குகிறார்.

சரி, மெச்சுக்கு வருவோம். அலுப்படிக்குமா என்று கேட்டீர்கள். கிரிக்கெட் மட்டும் தெரிந்தவனுக்கு முதல் ஒரு மணித்தியாலம் அலுப்படிக்கும். எல்லே ஆடினவனுக்கு அடிக்காது, ஆனால் ஒரு இடத்தில் கட்டாயம் தடுமாறுவான். அந்த இடத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

நாங்கள் பார்த்தது எந்த அணி என்பது முக்கியமில்லை. மூன்றாவது இன்னிங்ஸ். அடித்தவன் ஓடுகிறான், பந்து தரையில் உருண்டு நடுவில் நிற்கிற களத்தடுப்பாளனிடம் போய்விட்டது. அவன் பந்தை எடுத்தபோது ஓடுகிறவன் அவனிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரம்கூட இல்லை. எல்லேயில் அந்த இடத்தில் என்ன செய்வோம்? முதுகைப் பார்த்து ஒரு எறி, பட்டால் அவுட். எங்கள் வான்காரர் எழும்பி நின்று, மட்டக்களப்பு முழுக்கக் கேட்கிற குரலில், "எறிடா! ஆளுக்கு எறிடா!" என்று கத்தினார். முன்னால் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். களத்தடுப்பாளனோ ஓடுகிறவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் முதலாவது பேஸுக்கு, அதாவது அடித்தவன் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடத்துக்கு, எறிந்தான். அங்கே நின்றவன் ஒரு காலைப் பேஸில் வைத்தபடி உடம்பை முன்னால் நீட்டிப் பந்தைப் பிடித்தான். பந்து கையுறைக்குள் போய் 'பளப்' என்றது, அடித்தவனின் கால் பேஸில் 'தொப்' என்றது, முதல் சத்தம் முந்திவிட்டது. அவுட்.

பந்து அங்கே ஆளைத் தேடிப் போகாது, இடத்தைத் தேடிப் போகும். பேஸ்போலில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிவதே கிடையாது. அடித்தவன் முதலாவது பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். அவன் வருமுன் பந்து அங்கே வந்து, பிடித்தவனின் கால் பேஸில் இருந்தால் போதும், ஆளைத் தொடவே தேவையில்லை. அதே நேரம் இரண்டாவது பேஸில் நிற்கிற ஒருவனுக்குப் பின்னால் முதலாவது பேஸில் ஆள் இல்லை என்றால், அவன் ஓடத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படிப்பட்டவன் தானாக ஓடினால், பந்து வைத்திருக்கிற கையால் அவனைத் தொட்டால்தான் அவுட். இந்த 'தொட வேண்டுமா, வேண்டாமா' என்பது பிடிபட்டுவிட்டால் மெச்சில் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். பிடிபட எங்கள் வான்காரருக்கு ஐந்து இன்னிங்ஸ் எடுத்தது. கணக்கு வாத்தியாருக்கு ஒன்று போதுமாக இருந்தது. அதை அவர் நாள் முழுக்கச் சொல்லிக் காட்டினார்.

மற்றவை சுலபம். ஒரு பக்கம் ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு முறையும் மூன்று அவுட்டோடு பக்கம் மாறும். மட்டையை வீசித் தவறவிட்டாலும், அடிக்கக்கூடிய பந்தைச் சும்மா விட்டாலும் அது ஒரு ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் துடுப்பாட்டக்காரன் அவுட். எல்லேயில் மூன்று வாய்ப்பு என்பது போலத்தான். பந்து எறிபவன் வழிதவறி நாலு முறை எறிந்துவிட்டால், அடிக்கிறவன் இலவசமாக முதலாவது பேஸுக்கு நடந்தே போகலாம். எறிபவனுக்கும் அடிப்பவனுக்கும் இடையில் 18.44 மீற்றர், கிரிக்கெட்டை விடக் கொஞ்சம் கிட்ட. பந்து தரையில் குத்தாமல் நேரே வரும். கோட்டுக்கு வெளியே பின்பக்கம் பறக்க அடித்தால் கிரிக்கெட்டில் கைதட்டுவோம், இங்கே அது 'பவுல்', ஓட்டமே கிடையாது. அப்படி ஒன்று பறந்தபோது நாலு ஓட்டம் என்று நினைத்து "போர்!" என்று கத்தினது நான்தான். அதை வான்காரர் சொல்லிக் காட்டுகிறார்.

பந்து உயரப் போனால் மூன்றாவது பேஸில் நிற்கிறவனைப் பாருங்கள். பந்து வானத்தில் இருக்க அவன் ஒரு காலைப் பேஸில் ஊன்றிக்கொண்டு குளக்கரைக் கொக்கு மாதிரி அசையாமல் நிற்பான். "ஓடேன்டா" என்று உங்களுக்கு வாய் வரும். பிடித்தால் அடித்தவன் அவுட், ஆனால் பிடிபட்ட அந்தக் கணத்தில் பேஸை விட்டுக் கிளம்பி, அடிக்கிற இடத்துக்கு அவுட்டாகாமல் வந்து சேர்ந்தால் இவனுக்கு ஓட்டம் கிடைக்கும். முந்திக் கிளம்பினால் திரும்பி வந்து பேஸைத் தொட வேண்டும். அன்றைக்கு நான் பார்த்ததில் மனதில் நின்றது அந்த நிற்பும் பாய்ச்சலும்தான்.

மெச் முடிந்த பிறகு ஒரு பொடியன் பந்தைக் கையில் தந்தான். கிரிக்கெட் பந்தை விட ஒரு துளி இலேசு. என் விரல் பழக்கத்தில் நடுத் தையலைத் தேடியது, அது நடுவில் இல்லை. சிவப்பு நூல் மணலில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து பந்து முழுக்கப் போகிறது. 108 இரட்டைத் தையல். எந்தப் பக்கம் பிடித்தாலும் விரலுக்கு ஒரு தையல் அகப்படும், அதை வைத்துத்தான் எறிபவன் பந்தைத் திருப்புகிறான்.

அந்த மைதானம் ஜப்பான் உதவியோடு அமைந்தது. நாங்கள் போன அன்று வாசலில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. தொப்பி, தண்ணீர், பிட்டுப் பார்சல் கொண்டுபோங்கள். நமக்கு மாரி கார்த்திகை, மார்கழியில். அந்தப் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் இடியோடு மழை இறங்கும். மழை வந்தால் மெச்சும் நிற்கும். ஆகையால் வெளிக்கிடுகிற நாளுக்கு முதல் நாள் உங்கள் நண்பனுக்கு ஒரு கோல் எடுத்து, மெச் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வானுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: மகன் ரொறன்ரோவில். வெள்ளிக்கிழமை போன் எடுத்து, "அம்மா, சிநேகிதப் பொடியன்களோட கார்ல டிட்ரோயிட் போறன், பேஸ்போல் பார்க்க, ஞாயிறுதான் வருவன்" என்றான். ஒரு விளையாட்டுப் பார்க்க மூன்று நாளா? எனக்குச் சரியாகப் படவில்லை.
*பெயர் வேண்டாம் என்ற தாய், கல்லடி*

பதில்: தங்கச்சி, பொடியன் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஒரு அணி மார்ச் கடைசியிலிருந்து செப்டெம்பர் கடைசி வரை 162 மெச் ஆடுகிறது. ஒரே எதிரணியோடு பெரும்பாலும் மூன்று நாள் அடுத்தடுத்து வரும், வெள்ளி, சனி, ஞாயிறு என்று. டெஸ்ட் மெச் மாதிரி ஒரே ஆட்டம் மூன்று நாள் நீளுவதல்ல, மூன்று தனி ஆட்டம். ஒவ்வொன்றும் இரண்டரை மணித்தியாலம் சொச்சம். 2023 இலிருந்து எறிபவனுக்கு மணிக்கூடு வைத்துவிட்டார்கள். பேஸில் ஆள் இல்லை என்றால் 15 செக்கனுக்குள் எறியத் தொடங்க வேண்டும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மைதானம் முழுக்க எழும்பிக் கை கால் நீட்டும். அதுவும் ஒரு வழக்கம்.

தூரமும் அப்படி ஒன்றும் இல்லை. நாம் கொழும்புக்குப் போகிறதை விடக் கொஞ்சம் கூட. 401 நெடுஞ்சாலையால் வின்சர் வரை போய், ஆற்றைப் பாலத்தாலோ அடியில் போகிற சுரங்கத்தாலோ கடந்தால் டிட்ரோயிட். பாலம் 1929 இல் திறந்தது, சுரங்கம் 1930 இல். மைதானம் நகரத்து நடுவிலேயே இருக்கிறது. நாலு மணித்தியால ஓட்டம், யானை இல்லை.

அது நாட்டு எல்லை என்பதுதான் விஷயம். மகனிடம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் என்றால், கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும். "ஏன் போகிறாய்" என்று கேட்காமல் "விசா இருக்கா மகன்?" என்று கேளுங்கள். அவனுக்கும் கோபம் வராது, உங்களுக்கும் விஷயம் தெரியும்.

ரொறன்ரோவுக்கும் சொந்த அணி உண்டு, ப்ளூ ஜேய்ஸ். 1992, 1993 இரண்டு வருடமும் பட்டம் வென்றது. 2025 இல் மறுபடி இறுதித் தொடருக்குப் போய், ஏழாவது மெச்சில் பதினோராவது இன்னிங்ஸில் லொஸ் ஏஞ்சலிஸ் அணியிடம் தோற்றது. அந்தத் தோல்வியைப் பற்றி மட்டும் மகனிடம் பேச்செடுக்காதீர்கள்.

கேள்வி: ஒலிம்பிக்கில் பேஸ்போல் இருக்கிறதா?
*ஒரு மாணவன், வாழைச்சேனை*

பதில்: வரும், போகும். 1992 இலிருந்து 2008 வரை இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். டோக்கியோவில் திரும்ப வந்தபோது இறுதியில் ஜப்பான் அமெரிக்காவை 2–0 என்று வென்றது. பாரிஸில் இல்லை. 2028 லொஸ் ஏஞ்சலிஸில் உண்டு, கிரிக்கெட்டும் கூட. கிரிக்கெட் ஒலிம்பிக்குக்குத் திரும்புவது 1900 க்குப் பிறகு இப்போதுதான்.

கேள்வி: நீங்கள் அடுத்த முறை தியகம போகும்போது உங்கள் வானில் இடம் இருக்குமா, சேர்?
*ஒரு வாசகர், ஏறாவூர்*

பதில்: பின் சீற்றில் ஒன்று இருக்கிறது. தயிர் கொட்டின பக்கம்.