டிசம்பரா, ஜூலையா? ராமேசுவரத்துக்கு எப்போது கிளம்புவது

கேள்வி: நாங்கள் ஆறு பேர். 72 வயது மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. அரையாண்டு விடுமுறையில் ராமேசுவரமும் தனுஷ்கோடியும் பார்க்க ஆசை. ‘டிசம்பரில் புயல் வரும், ஜூலையில் வாருங்கள், சீசன் இல்லாததால் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன், முழுப் பணத்தையும் இப்போதே கட்டிவிடுங்கள்’ என்கிறார் ஏஜென்ட். கட்டலாமா? – கோவை வாசகி

பதில்: கட்டாதீர்கள். மாதம் எது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

டிசம்பரைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 நள்ளிரவில்தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஆனால் அரையாண்டு விடுமுறை தொடங்கும்போது வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் தளர்ந்திருக்கும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். பலத்த காற்றடித்தால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். முழுப் பணமும் அவர் கையில் இருந்தால் உங்களால் தள்ளிவைக்க முடியுமா? அதனால்தான் முதலிலேயே வேண்டாம் என்றேன். அறைக்கு மட்டும் சிறு முன்பணம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

ஜூலையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும். அது ஏஜென்டுக்குத் தெரியாதா? மழை இராது, ஆனால் தென்மேற்கிலிருந்து காற்று ஓயாமல் அடிக்கும். தனுஷ்கோடி சாலையில் இடப்பக்கம் இருப்பதைப் பெண்கடல் என்றும் வலப்பக்கம் இருப்பதை ஆண்கடல் என்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஜூலையில் பெண்கடல் தாம்பாளத்துத் தண்ணீர் போல் கிடக்கும். ஆண்கடல் கரையை அறைந்துகொண்டிருக்கும். கெண்டைக்காலில் மணல் ஊசியாகக் குத்தும். மாமியாரை வண்டியை விட்டு இறக்கவே முடியாது.

ஜூலையில் கூட்டம் இராது என்பதற்கும் ஒரு விலக்கு உண்டு, ஆடி அமாவாசை. ஏஜென்ட் வாய் திறக்காத சங்கதி இது. ஜூலை பிற்பாதியிலோ ஆகஸ்டு முற்பாதியிலோ வரும். அந்த ஒரு நாளைத் தவிர்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் இரவே பஸ் பஸ்ஸாக வந்து இறங்கி அக்னி தீர்த்தக் கரையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். விடியலில் கடலில் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் தீர்த்தக் கிணறுகள் 22-க்கும் வரிசை. வரிசையில் நின்று அலுத்துத் திரும்பியவர்கள் மறுநாளும் நிற்பார்கள். அமாவாசை சனி, ஞாயிறை ஒட்டி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்போது பாதி விலை எங்கே, இரண்டு மடங்கு கொடுத்தாலும் அறை கிடைக்காது. ஆகவே ஆங்கிலத் தேதியைப் பார்க்காமல் தினசரிக் காலண்டரில் கறுப்பு வட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புரட்டாசி மகாளய அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இதே கதைதான்.

உங்கள் குடும்பத்துக்கு டிசம்பர் கடைசி வாரமே சரி. விடுமுறைக் கூட்டம் இருக்கும், சகித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் குறுக்கே நிற்காவிட்டால் பிப்ரவரியைத்தான் சொல்வேன்.

இனி தரகர்கள். ரயில் நிலையத்திலும் சன்னதித் தெருவிலும் ‘தீர்த்தமா, தனி வாளி, வரிசையே கிடையாது’ என்று கையைப் பிடிப்பார்கள். 22 தீர்த்தத்துக்கும் சேர்த்து ஆளுக்கு 25 ரூபாய்தான் கட்டணம். அதற்கு நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். கட்டணத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி ஆளுயரத்துக்கு எழுதிவைக்க என்ன தடையோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கவுன்டரில் நீங்களே டிக்கெட் வாங்குங்கள். ஈர உடையோடு சுவாமி சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுடை கையில் இருக்கட்டும். கிணற்றடியெல்லாம் வழுக்கும், மாமியார் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

தனுஷ்கோடியிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. இடிந்த தேவாலயத்தைக் காட்டிவிட்டு, ‘அவ்வளவுதான்’ என்று வண்டியைத் திருப்பிவிடுவார்கள். 2017 முதல், நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. மாலை 5 மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை என்பதால், மத்தியானம் முழுக்கச் சங்குக் கடைகளில் நிறுத்தி நேரத்தைக் கடத்துவதும் உண்டு. அங்கே டிரைவருக்குக் கமிஷன். வண்டி பேசும்போதே ‘அரிச்சல்முனை வரை, காலை 7 மணிக்கு’ என்று தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் அரசுப் பேருந்து இருக்கிறது.