போட்டிக்கு முன் எந்த பிட் போடுவது? கேள்வி பதில்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் குதிரை ஏறுகிறவர்கள் போட்டி நெருங்கும் நேரத்தில் பிட் (கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் துண்டு) பற்றி நிறைய கேட்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு மீதிக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, என் குதிரை முன்பு ரேசில் ஓடியது. டி ரிங் ஸ்னாஃபிள் (நெம்புகோல் இல்லாத சாதாரண பிட்) போடுகிறேன். கேன்டரில் (மெதுவான பாய்ச்சலில்) இழுத்துக்கொண்டே போகிறது, எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. மூன்று வாரத்தில் ஜம்பிங் போட்டி. பெல்ஹம் போடலாமா? (சுங்கை பீசி)

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. ரேஸ் குதிரைக்கு என்ன பழக்கியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜாக்கி ரெயினை (கடிவாள வாரை) இறுக்கிப் பிடிப்பார், குதிரை அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு ஓடும். நீங்கள் இழுக்க இழுக்க, 'சரி, ஓடச் சொல்கிறார்' என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

பெல்ஹம் என்கிற இரண்டு ரெயின் பிட்டில் நெம்புகோல் வேலை இருக்கிறது. கீழ் ரெயினை இழுத்தால் தாடைச் சங்கிலி இறுகும், காதுக்குப் பின்னாலும் அழுத்தம் விழும். முதல் இரண்டு மூன்று நாள் குதிரை திகைத்துப்போய் நிதானமாகப் போகலாம். நீங்களும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். அப்புறம் தலையை உதற ஆரம்பிக்கும், இல்லையென்றால் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு ஓடும். அப்படி ஓடுகிற குதிரையை நிறுத்துவது இன்னும் கஷ்டம்.

முதலில் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஈறு கொஞ்சம் இருக்கும். பிட் உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் எலும்புக்கு மேல் மெல்லிய தோல்தான் உண்டு. சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் வுல்ஃப் டூத் என்கிற சின்னப் பல் முளைத்திருக்கும், பிட் அதில் இடிக்கும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கூராகி, கன்னத்தின் உள்பக்கத்தைக் கிழிப்பதும் உண்டு. வலிக்கிற குதிரையும் இழுக்கும். அதற்கு வைத்தியம் வெட் டாக்டரிடம்தான் இருக்கிறது, சேணக் கடையில் இல்லை.

பல் சரி என்றால் இருபது மீட்டர் வட்டம், கேன்டரிலிருந்து டிராட் (துள்ளோட்டம்), டிராட்டிலிருந்து நடை, மறுபடி கேன்டர் என்று தினமும் செய்யுங்கள். ஒரு நொடி பிடித்து உடனே விடுங்கள், தொடர்ந்து இழுக்காதீர்கள். பிட் மாற்றியே ஆகவேண்டும் என்றால், நடுவில் வழவழப்பான குமிழ் வைத்த இரட்டை மூட்டு ஸ்னாஃபிள் ஒன்றைப் பார்க்கலாம். ஒற்றை மூட்டு மடங்கும்போது சில குதிரைகளுக்கு நாக்கை நெருக்கும், மேலண்ணத்திலும் படும். மாற்றுவதை இந்த வாரமே மாற்றுங்கள். போட்டிக்கு முந்தின நாள் புது பிட் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

பிட் சைஸ் எப்படி அளப்பது? கடையில் ஐந்து அங்குலம் எல்லாருக்கும் சரியாக இருக்கும் என்கிறார்கள். (செந்தூல்)

சரியாக இருக்காது. வழவழப்பான மரக்குச்சி ஒன்றை பிட் போலவே வாய்க்குள் கொடுத்து, இரண்டு உதட்டோரத்திலும் அடையாளம் போட்டு அளந்துகொள்ளுங்கள். வளையம் தாராளமாகச் சுழலும் லூஸ் ரிங் வாங்கினால் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் கூட்டுங்கள். வளையம் நகராத எக்பட், டி ரிங் எல்லாம் இன்னும் ஒட்டியே இருக்கலாம். மூட்டு பிட்டை நேராக நீட்டி வைத்துத்தான் அளக்க வேண்டும். இங்கே லாயங்களில் இருக்கும் ரேஸ் ரகக் குதிரைகள் பலவற்றுக்கு 125 முதல் 135 மில்லிமீட்டருக்குள் அமைந்துவிடும்.

பெரிதாகப் போனால் மூட்டு ஒரு பக்கமாக இழுபட்டுக் குத்தும். சின்னதாகப் போனால் உதடு கசங்கும். பழைய லூஸ் ரிங் வாங்குகிறவர்கள் வளையம் நுழையும் துளையில் விரல் விட்டுப் பாருங்கள். தேய்ந்து கூராகியிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

தடித்த பிட்தான் மென்மையானது என்று படித்தேன். உண்மையா அண்ணா? (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

அரை உண்மை. தடித்தால் அழுத்தம் பரவும், அது சரிதான். ஆனால் வாய்க்குள் இடம் வேண்டாமா? நாக்கு தடித்து அண்ணம் தாழ்வாக இருக்கும் குதிரைக்குத் தடித்த இரும்பு வாய் நிறைய அடைத்துக்கொள்ளும், வாயை மூடவே முடியாது. எஃப்.இ.ஐ. (சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம்) வைத்திருக்கும் டிரெஸ்ஸாஜ் (குதிரையைச் சொன்னபடி நடத்திக் காட்டும் போட்டி) விதியில் ஸ்னாஃபிளுக்குக் குறைந்தபட்சத் தடிமன் 14 மில்லிமீட்டர், போனிக்கு 10. பெரும்பாலான குதிரைகளுக்கு அந்த 14ஐ ஒட்டியே போதும்.

குதிரை வாயைத் திறந்துகொண்டே போகிறது. நடுவருக்குத் தெரியாமல் இருக்க மூக்குப்பட்டையை ஒரு துளை இறுக்கலாமா? (பங்சார்)

கூடாது. வாயைத் திறப்பது அது உங்களிடம் சொல்கிற புகார். பட்டையை இறுக்கினால் புகார் மட்டும்தான் அடைபடும், வலி அப்படியே இருக்கும். மூக்கெலும்பின் மேல், பட்டைக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பக்கவாட்டில் விரலை விட்டுப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அங்கே எப்போதும் நுழையும். 2025 முதல் எஃப்.இ.ஐ. போட்டிகளில் இதற்கென்றே ஒரு அளவுக் கருவி வைத்திருக்கிறார்கள், 1.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பல்லையும் பிட் தொங்கும் உயரத்தையும் பாருங்கள். உதட்டோரத்தில் ஒரு மடிப்பு விழுந்தால் போதும். மிகவும் கீழே தொங்கினால் குதிரை நாக்கை பிட்டுக்கு மேலே போட்டுக்கொள்ளப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

என் மகளுக்கு ஒன்பது வயது. போனி புல்லைக் கண்டால் தலையை இறக்கிக்கொண்டு பிள்ளையை இழுத்துவிடுகிறது. கிம்பிள்விக் போடலாம் என்கிறார் கோச். அது கொடுமை இல்லையா? (புக்கிட் கியாரா பக்கத்திலிருந்து ஓர் அம்மா)

கோச் சொல்வதில் நியாயம் இருக்கிறதுமா. சின்னப் பிள்ளையால் போனியோடு பலப்பரீட்சை நடத்த முடியாது. கிம்பிள்விக்கும் தாடைச் சங்கிலி உள்ள பிட்தான், ஆனால் நெம்புகோல் சின்னது, ரெயினும் ஒன்றுதான், பிள்ளைக்குக் குழப்பம் வராது. தாடைச் சங்கிலி முறுக்கில்லாமல் படுத்து, இரண்டு விரல் நுழையும்படி இருக்க வேண்டும். பிள்ளை ரெயினில் தொங்கி நிலைதடுமாறுகிற கட்டத்தில் இருந்தால் மட்டும் வேண்டாம். அப்போது கழுத்தில் ஒரு வார் கட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். புல் மேய்வதைத் தடுக்கத் தனி வார் இருக்கிறது, போட்டியில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிம்பிள்விக்கோடு டிரெஸ்ஸாஜ் வகுப்பில் பெயர் கொடுத்துவிடாதீர்கள், அங்கே அது செல்லாது.

பிட்டே இல்லாமல் டிரெஸ்ஸாஜ் ஓடலாமா? (ஜார்ஜ்டவுன்)

எஃப்.இ.ஐ. விதியில் முடியாது. ஜம்பிங்கில் ஹேக்கமோர் (மூக்கில் அழுத்தம் தரும், பிட் இல்லாத கடிவாளம்) போடலாம். உள்ளூர் சின்னப் போட்டிகளுக்கு அந்தந்த ஏற்பாட்டாளரின் விதித்தாள்தான் கணக்கு. வார்ம் அப் மைதானத்திலும் அதே விதிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்வீட் அயர்ன் பிட் வாங்கினேன். ஒரே வாரத்தில் துரு. ஏமாற்றிவிட்டார்களா? (கிள்ளான் சாலை)

இல்லை. அது துருப்பிடிப்பதற்கென்றே செய்த இரும்பு, அந்தச் சுவையில் எச்சில் ஊறும் என்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வேகமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். மேற்பரப்பு சொரசொரப்பாகிச் செதில் எழுந்தால் தூக்கிப் போடுங்கள். பராமரிக்க நேரமில்லாதவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் லாயக்கு.

போட்டி அன்று காலையில் பிட்டை வெதுவெதுப்பாக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதே? (சுபாங்)

பனி பெய்கிற ஊருக்கு எழுதியது அது. இங்கே பயப்பட வேண்டியது வேறு. கடிவாளத்தைக் காருக்குள் போட்டு வெயிலில் நிறுத்திவிட்டுப் போவார்கள், பத்து மணிக்கு அந்த இரும்பு கையில் சுடும். நிழலில் வையுங்கள், வாயில் போடுமுன் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பாருங்கள். உதட்டோரத்தில் பழைய காயம் ஏதும் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். டிரெஸ்ஸாஜில் வாயில் புது ரத்தம் தெரிந்தால் வெளியேற்றம்தான். மாற்று பிட் கொண்டுபோவதானால் அதே ரகம், அதே அளவு, ஏற்கெனவே குதிரை போட்டுப் பழகியது.