கோளரங்க உதவித்தொகையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறாள். வேலை என்றால் கோளரங்கத்தில்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அமெரிக்காவில் இதற்கென்றே உதவித்தொகை நிதிகள் இருக்கிறதாமே, அதை நடத்துவது யார்? பெரிய பணக்காரர்களா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பணம் கொடுத்தவர் பணக்காரராக இருக்கலாம் சகோதரி, ஆனால் அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் உங்கள் மகள் செய்ய ஆசைப்படும் அதே வேலையில் இருப்பவர்கள். சர்வதேச கோளரங்கச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கூடிய கோளரங்க ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. தலைவர், பொருளாளர் எல்லோரும் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறவர்கள், சம்பளம் கிடையாது. பகலெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து கணக்கு பார்க்கிறவர்கள். எனக்கு இவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

அந்தச் சங்கத்தில் ஆர்மண்ட் ஸ்பிட்ஸ் பெயரில் ஒரு கல்வி நிதி இருக்கிறது. ஏன் அவர் பெயர் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பிட்ஸ் ஃபிலடெல்ஃபியாக்காரர், பத்திரிகையாளராக இருந்தவர், வானியலில் பட்டம் வாங்கியவர் இல்லை. அங்கே ஃபெல்ஸ் கோளரங்கத்தில் விளக்கவுரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கூரையில் வானத்தைக் காட்டுவதற்கு ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்த கருவி என்றால் பெரிய நகரங்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். ஸ்பிட்ஸ் பன்னிரண்டு முகம் கொண்ட ஒரு கூட்டை எடுத்து, நட்சத்திரங்கள் இருக்கவேண்டிய இடங்களில் துளை போட்டு, உள்ளே ஒரு சின்ன விளக்கை வைத்தார். துளை வழியாக வெளிச்சம் கூரையில் போய் விழுந்தால் வானம் தயார்! 1947-ல் ஹார்வர்டில் அதைக் காட்டினார், விலை 500 டாலர். அப்புறம்தான் சின்னக் கல்லூரிகளும் பள்ளிகளும்கூடக் கோளரங்கம் வைக்க ஆரம்பித்தன. அப்படிப்பட்டவர் பெயரில் இருக்கும் நிதியை மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்துக் கொடுத்தால் நியாயமாக இருக்காது என்பது என் கட்சி.

கேள்வி: லட்சம் டாலர் நிதி என்கிறார்கள், கொடுப்பதோ சில ஆயிரம். மீதி எங்கே போகிறது? (வாசகர், ஓசூர்)

பதில்: எங்கேயும் போகவில்லை சார், அங்கேயேதான் இருக்கிறது. நிரந்தர நிதி என்று வைத்துவிட்டால் முதல் பணத்தைத் தொடாமல், வருகிற வருமானத்தில்தான் கொடுப்பார்கள். வருடத்துக்கு 4 சதவீதம் எடுத்தால் லட்சத்துக்கு 4,000 டாலர்தான் வரும். சந்தை சரிந்த வருடத்தில் யாருக்கும் கொடுக்காமல் விடுவதா, இல்லை குறைத்துக் கொடுப்பதா என்று முடிவெடுக்கிற சங்கடமும் இவர்கள் தலையில்தான். 4,000 டாலரை எட்டுப் பேருக்குப் பிய்த்துக் கொடுத்தால் யாருக்கும் உபயோகமில்லை. ஒருவருக்கே கொடுத்து, ஒரு கோளரங்கத்தில் சில மாதமாவது கூட இருந்து வேலை கற்றுக்கொள்ள வைக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் சரி.

கேள்வி: தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்துக்கொள்ள மாட்டார்களா? (வாசகி, ஈரோடு)

பதில்: நியாயமான சந்தேகம். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பின் பணம் அதை நடத்துகிறவர்களின் சொந்த லாபத்துக்குப் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தனியார் அறக்கட்டளையாக இருந்தால், உதவித்தொகைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வரித்துறையிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கவேண்டும். தொண்டு அமைப்புகள் வருடா வருடம் வரித்துறைக்குக் கணக்கு கொடுக்கின்றன. ஓரளவு பெரிய அமைப்பென்றால் அது படிவம் 990. பொறுப்பாளர்களின் பெயர், அவர்கள் வாங்கும் சம்பளம், கொடுத்த உதவித்தொகை எல்லாம் அதில் வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விண்ணப்பிக்கும் முன் அதை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

திண்டுக்கல் சகோதரிக்கு இன்னொன்று: பல நிதிகள் அந்தந்தப் பகுதிச் சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்தான், அதனால் தகுதி விதிகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தோடு வேறு ஏதாவது அனுப்ப இடமிருந்தால், பிள்ளைகள் முன்னால் நின்று பத்து நிமிடம் வானத்தைப் பற்றி அவள் பேசிய வீடியோவைச் சேர்த்து அனுப்பட்டும்.